மக்களவைச் செயலகம் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது?

வைகைக்கரை
வணக்கம் நண்பர்களே. மகள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஞாயிறு பயிற்சி மையத்தில் ஒரு மாதிரித் தேர்வு நடந்தது. அதில் ஒரு கேள்வி: “மக்களவைச் செயலகம் பின்வரும் எந்த அமைச்சகத்தின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் உள்ளது?” உள்துறை, நாடாளுமன்ற விவகாரம், சட்டம், மேற்கண்ட எதுவும் இல்லை என்று நான்கு விடைகள். இவள் நான்காவதைக் குறித்தாள். அவர்கள் கொடுத்த விடைப் பட்டியலில் “நாடாளுமன்ற விவகார அமைச்சகம்” என்று இருக்கிறது. தவறான விடைக்கு 0.66 கழிப்பு வேறு. வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு. “அப்படி ஒரு அமைச்சகம் எதற்கு இருக்கிறதாம்?” என்று நான் கேட்டதற்கு, “அப்பா, உங்களுக்கும் தெரியாதா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாடாளுமன்றத்தின் ஊழியர்களுக்கு யார் முதலாளி? பணம் எங்கிருந்து வருகிறது?

கணக்குப்பிள்ளை
மகள் குறித்ததுதான் சரி. விடைப் பட்டியல் போட்டவர் பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் அரசாங்கத்தின் ஆள். எந்த மசோதாவை எந்த நாளில் கொண்டுவருவது, ஆளுங்கட்சி உறுப்பினர்களை எப்படிக் கூட்டி வைப்பது, அமைச்சர் சபையில் கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று, இதெல்லாம் அதன் வேலை. சபையின் ஒரு கடைநிலை ஊழியரைக்கூட அதனால் இடம் மாற்ற முடியாது.

அரசியலமைப்பின் 98-வது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு அவைகளுக்கும் தனித்தனிச் செயலகம் இருக்க வேண்டும். மக்களவைச் செயலகத்துக்குத் தலைவர் சபாநாயகர், மாநிலங்களவைச் செயலகத்துக்கு அவைத் தலைவர், அதாவது குடியரசுத் துணைத் தலைவர். நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். மாநிலச் சட்டமன்றங்களுக்கு இதே மாதிரி 187-வது பிரிவு இருக்கிறது. தேர்வில் இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்புவார்கள், அதையும் சொல்லி வையுங்கள்.

தெருமுனை
முதலாளி யாராக இருந்தால் என்ன சார், பணம் நம்முடையது. நாடாளுமன்றக் கேன்டீனில் உறுப்பினர்கள் எந்த விலைக்குச் சாப்பிட்டார்கள் என்று நாடே பார்த்தது. சம்பளத்தையும் அவர்களே ஏற்றிக்கொள்கிறார்கள். இதற்குத் “தன்னாட்சி” என்று ஒரு பெயர்.

கணக்குப்பிள்ளை
கேன்டீனுக்கு வருவீர்கள் என்று தெரியும். எந்த இழையிலும் மூன்றாவது பதிவுக்குள் வந்துவிடுகிறது. 1968 முதல் அதை நடத்தியது வடக்கு ரயில்வே. 2020 கடைசியில் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் போனது. 2021 ஜனவரியில் மானியமும் நின்றது. இப்போது அங்கே மலிவு விலைச் சாப்பாடு இல்லை.

தொகையையும் பார்த்துவிடுவோம். 2025-26 பட்ஜெட்டில் மக்களவைக்கு 903 கோடி, மாநிலங்களவைக்கு 413 கோடி. கூட்டினால் 1,316 கோடி. அந்த ஆண்டு மொத்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்கு மூன்று காசு கூட வரவில்லை. அந்த மூன்று காசுக்குள்தான் உறுப்பினர் சம்பளம், படி, பயணம், செயலகம், நாடாளுமன்றத் தொலைக்காட்சியான சன்சத் டிவிக்கான மானியம் எல்லாம் அடக்கம். தொகை பெரிதா சிறிதா என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. அந்த மூன்று காசின் சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

வைகைக்கரை
ஐயா, அதைத்தான் கேட்க வந்தேன். சபாநாயகர் தலைவர் என்றால் பட்ஜெட்டையும் அவரே போட்டுக்கொள்வாரா?

கணக்குப்பிள்ளை
போட்டுக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ள முடியாது. செயலகம் மதிப்பீடு தயாரிக்கும், சபாநாயகர் ஒப்புதல் கொடுப்பார், அப்புறம் அது நிதி அமைச்சகத்துக்குப் போய் மற்ற துறைகளோடு மானியக் கோரிக்கையாக, அதாவது செலவுக்குப் பணம் கேட்டுச் சபையின் ஓட்டுக்கு வைக்கும் கோரிக்கையாக, அச்சாகி வரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நான் தணிக்கையில் இருந்த காலத்திலேயே எனக்கு இது வேடிக்கையாகப் பட்டது. உச்ச நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவு தொகுப்பு நிதியின், அதாவது அரசாங்கக் கஜானாவின், மேல் நேரடியாக ஏற்றப்பட்ட செலவு. ‘சார்ஜ்டு’ என்போம். அதைச் சபையில் பேசலாம், ஓட்டுக்கு விட முடியாது. தணிக்கைத் தலைவர் அலுவலகச் செலவும் அப்படி. மத்தியத் தேர்வாணையத்தின் செலவும் அப்படி. குடியரசுத் தலைவர் மாளிகையும் அப்படித்தான். நாடாளுமன்றத்தில் அந்தப் பாதுகாப்பு சபாநாயகர், துணைச் சபாநாயகர், மாநிலங்களவையின் தலைவர், துணைத் தலைவர் ஆகிய நால்வரின் சம்பளம், படிக்கு மட்டும். 112(3) பார்த்தால் தெரியும். செயலகத்தின் செலவும் மற்ற உறுப்பினர்களின் சம்பளமும் சாதாரண மானியக் கோரிக்கை. வேளாண்மைத் துறை போல, கப்பல் துறை போல, ஓட்டுக்கு வந்து போகிறது. மற்றவர்களுக்கெல்லாம் வேலி போட்டுக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போடவில்லை.

சுருக்கெழுத்து
கணக்குப்பிள்ளை சார் சொன்னது சரி. ஆனால் “ஓட்டுக்கு வருகிறது” என்ற சொல்லைப் படித்துவிட்டு யாரும் விவாதம் நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஒரு மாநிலச் சட்டமன்றச் செயலகத்தில் நிருபராக, அதாவது சபையில் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுப்பவனாக, 31 வருடம் இருந்தவன். மாற்று ஆள் வந்து தோளைத் தொட்டால் பென்சிலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். அங்கே உட்கார்ந்து எத்தனையோ மானியக் கோரிக்கை எழுதியிருக்கிறேன். எங்கள் செயலகத்தின் கோரிக்கை வந்த நாளில் யாரும் எழுந்து பேசி நான் எடுத்ததில்லை. எங்களைப் பற்றிய கோரிக்கையாயிற்றே என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு வரியில் முடிந்துவிடும்.

டெல்லியிலும் சில துறைகளைத்தான் எடுத்துப் பேசுவார்கள். மிச்சமெல்லாம் கடைசி நாள் ‘கில்லட்டின்’, அதாவது விவாதம் இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு ஒரே வெட்டு.

தெருமுனை
கில்லட்டின் என்றதும் நினைவு வருகிறது. 2018 மார்ச் 14. அன்றைக்கு மக்களவையில் ஒரே கூச்சல். மானியக் கோரிக்கைகள், நிதி மசோதா எல்லாமே விவாதம் இல்லாமல் சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறிவிட்டன. உறுப்பினர் சம்பளத்தை 50,000-லிருந்து 1 லட்சமாக ஆக்கியதும் அதே நிதி மசோதாவுக்குள்தான் இருந்தது. நான் சும்மா கத்தவில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை
நல்ல நினைவு. அதோடு சேர்ந்து வந்த இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டை வைத்துச் சம்பளம் தானாக ஏறும் என்ற ஏற்பாடும் அதில்தான் வந்தது. வருமான வரியில் வீடு விற்ற லாபத்துக்குப் பயன்படுத்துகிறோமே, அதே குறியீடு. 2018-19-க்கு அது 280, 2023-24-க்கு 348. ஒரு லட்சத்தை 348-ஆல் பெருக்கி 280-ஆல் வகுத்தால் 1,24,285. 2025 மார்ச்சில் அறிவித்த சம்பளம் 1,24,000, 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. தினப்படி 2,000-லிருந்து 2,500. ஓய்வூதியம் 25,000-லிருந்து 31,000. நீங்களே போட்டுப் பாருங்கள், கணக்கு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு இந்த முறை பிடிக்கும். வருடா வருடம் சபையில் எழுந்து “எங்களுக்கு ஏற்றுங்கள்” என்று கேட்கும் அசிங்கம் இல்லை. 1954-இல் சட்டம் வந்தபோது மாதம் 400 ரூபாய், தினப்படி 21. அங்கிருந்து ஒவ்வொரு ஏற்றமும் பத்திரிகைகளில் கேலிச்சித்திரமாகித்தான் வந்திருக்கிறது.

தெருமுனை
உங்களுக்குப் பிடிக்கும், உங்கள் ஓய்வூதியத்துக்கும் அகவிலைப்படி ஏறுகிறது. கொத்தனாருக்குக் குறியீடு எங்கே இருக்கிறது?

கணக்குப்பிள்ளை
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி.

தேம்ஸ்கரை
இங்கிலாந்தில் 22 வருடமாக இருக்கிறேன், இங்கத்திய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காமன்ஸ் சபைக்கு, அதாவது இங்கத்திய மக்களவைக்கு, 1978-இல் ஒரு சட்டம் போட்டு ஆணையம் அமைத்தார்கள். சபாநாயகர் தலைமை, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, பின்வரிசை உறுப்பினர்கள் உண்டு. ஊழியர்களுக்கு அந்த ஆணையம்தான் முதலாளி. சபையின் நிர்வாகச் செலவு மதிப்பீட்டை ஆணையமே நேராகச் சபையில் வைக்கும், நிதித் துறை வழியாகப் போக வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன அந்தச் சாவி இங்கே வேறு கையில் இருக்கிறது.

ஆனால் 2009-இல் நாறியது. உறுப்பினர்கள் கொடுத்த செலவு ரசீதுகள் பத்திரிகையில் வந்தன. ஒருவர் குளத்தில் மிதக்கிற வாத்து வீட்டுக்கு ரசீது கொடுத்திருந்தார். இன்னொருவர் தன் மாளிகையின் அகழியைத் தூர்வார. வாத்து வீட்டுக்குப் பணம் தரவில்லை, அது வேறு விஷயம், பெயர் அதற்குத்தான் நின்றது. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு உறுப்பினர்களின் செலவையும் சம்பளத்தையும் ஒரு தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அமைப்பு 2015-இல் சம்பளத்தை 67,060 பவுண்டிலிருந்து 74,000 ஆக்கியது. பிரதமர் வேண்டாம் என்றார், பல உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள். அமைப்பு கேட்கவில்லை!

தெருமுனை
வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இலையை இழுத்துப் போடுவது நம் ஊர்க் கல்யாணத்திலும் உண்டு.

கல்லடிப்பாலம்
மட்டக்களப்பிலிருந்து ஒரு சின்னத் தகவல். எங்கட அரசியல் யாப்பில் 65-ஆம் உறுப்புரை. பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தின் சம்பளமும், அவருடைய பணியாட்களின் சம்பளமும் நேரடியாகத் திரட்டு நிதியத்தின் (உங்கட தொகுப்பு நிதி) மீது பொறுப்பாக்கப்பட்டவை. அதாவது கணக்குப்பிள்ளை ஐயா இந்தியாவில் இல்லை என்கிற அந்த வேலி எங்களிடம் ஊழியர் சம்பளத்துக்கு இருக்கிறது. ஆனால் செயலாளர் நாயகத்தை நியமிக்கிறது சனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு. உங்களிடம் சபாநாயகரே நியமிக்கிறார். ஒரு பக்கம் பூட்டினால் மற்றப் பக்கம் திறந்து கிடக்கிறது.

கணக்குப்பிள்ளை
அருமை. இது எனக்குப் புதுச் செய்தி, நன்றி.

சுருக்கெழுத்து
தேம்ஸ்கரை தம்பி சொன்ன “ஊழியர்களுக்கு ஆணையம் முதலாளி” என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சம்பளம், கேன்டீன் எல்லாம் வெளியே தெரியும் விஷயம். உள்ளே இருந்தவர்களுக்கு நோகும் இடம் வேறு: செயலகத்துக்குத் தலைமை அதிகாரியாக யார் வந்து உட்காருகிறார்?

கதை 1920-களில் தொடங்குகிறது. மத்திய சட்டமன்றத்துக்கு விட்டல்பாய் பட்டேல் 1925-இல் தலைவரானார். அப்போது சபையின் அலுவலகம் அரசாங்கத்தின் சட்டத் துறைக்குள் அடங்கியிருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வியை ஏற்கலாமா கூடாதா என்று தலைவருக்கு ஆலோசனை சொல்கிறவர், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசாங்கத்திடமே சம்பளம் வாங்குகிறவர். பட்டேல் விடவில்லை. 1928 செப்டம்பரில் மோதிலால் நேரு தீர்மானம் கொண்டுவந்தார். 1929 ஜனவரி 10-ஆம் தேதி தனித் துறை பிறந்தது. அதுதான் இன்றைய மக்களவைச் செயலகத்தின் தாய். அந்த ஏப்ரலில் பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் சபையில் குண்டு வீசினார்கள். அதை ஒட்டிப் போலீஸ் யார் சொல் கேட்கும் என்ற பிரச்சினை எழுந்து, அதே வருடம் தலைவரின் கீழ் ‘வாட்ச் அண்ட் வார்டு’ என்ற சபையின் சொந்தக் காவல் பிரிவு வந்தது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய தனிச் செயலகத்தில் 98(2) என்ன சொல்கிறது? ஊழியர் நியமனம், பணி நிபந்தனைகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம். 98(3)-இன்படி அதுவரை, சபாநாயகரையோ மாநிலங்களவைத் தலைவரையோ கலந்து குடியரசுத் தலைவர் விதி வகுப்பார். மக்களவைக்கு 1955-இல் விதி வந்தது, மாநிலங்களவைக்கு 1957-இல். “அதுவரை” என்ற அந்தச் சொல்லுக்கு இன்றுவரை முடிவு வரவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் போடுகிற சபை தன் அலுவலகத்துக்கு ஒன்று போடவில்லை.

2021-இல் பாருங்கள். மாநிலங்களவைச் செயலகத்திலேயே வளர்ந்த ராமாச்சார்யுலு செப்டம்பர் 1-இல் தலைமைப் பதவிக்கு வந்தார். உள்ளிருந்தே ஒருவர் மேலே வந்தார் என்று எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம். நவம்பர் நடுவில் அவரை மாற்றி, வருவாய்ப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பி.சி. மோடியைக் கொண்டுவந்தார்கள். மோடி கெட்டிக்காரராக இருக்கலாம், அதல்ல பேச்சு. இரண்டரை மாதத்தில் மாற்றினாலும் ஏன் என்று கேட்கச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

வைகைக்கரை
இதையெல்லாம் மகளிடம் வாசித்துக் காட்டினேன். “சட்டம் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்கிறாள்.

சுருக்கெழுத்து
குழந்தை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் எப்போதும் சொல்வார்: “சட்டம் வேண்டாம் ஐயா, சட்டத்தை யார் எழுதுவான்? அமைச்சரவைதான் எழுதும், பெரும்பான்மையால் நிறைவேற்றும். இன்றைக்கு சபாநாயகரின் கையில் இருப்பதையும் அதில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுவான்.” அதனால் விதியே போதும் என்று இருந்தோம். நானும் பணியில் இருந்தவரை அப்படித்தான் நினைத்தேன். வெளியே வந்து யோசித்தால், எழுதாமல் விட்டதால் மட்டும் என்ன மிஞ்சியது என்று தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை
நான் சட்டத்தின் பக்கம். நல்ல சபாநாயகர் இருந்தால் தன்னாட்சி, இல்லையென்றால் இல்லை என்பது ஒரு ஏற்பாடா? ஆணையம் வேண்டும், அதில் எதிர்க்கட்சிக்கு நாற்காலி வேண்டும், மதிப்பீடு நேராகச் சபைக்கு வர வேண்டும். துணைச் சபாநாயகர் நாற்காலியைப் பாருங்கள். 2014 முதல் 2019 வரை நம் தம்பிதுரை இருந்தார். அடுத்த மக்களவையின் ஐந்து வருடமும் அந்தப் பதவிக்கு ஆளே இல்லை. 93-வது பிரிவு “கூடிய விரைவில்” தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எழுதி வைத்ததற்கே இந்த கதி.

தெருமுனை
உங்கள் வாதத்தை நீங்களே உடைத்துவிட்டீர்களே சார். எழுதி வைத்தும் நடக்கவில்லை என்றால் இன்னொரு சட்டம் எழுதி என்ன பயன்?

தேம்ஸ்கரை
இங்கேயும் சட்டம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை இடிந்து விழாத குறை. பழுது பார்க்க 2019-இல் சட்டம் போட்டுத் தனி அமைப்பு வைத்தார்கள். அது 2022-இல் ஒரு மதிப்பீடு கொடுத்தது: 700 கோடியிலிருந்து 1,300 கோடி பவுண்டு, 19 முதல் 28 வருடம். உறுப்பினர்களுக்குத் தலை சுற்றியது. அமைப்பையே கலைத்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை
டெல்லியில் எதிர்மாறு. புதுக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல், 2023 மே 28-இல் திறப்பு. வேகம்தான். ஆனால் கட்டியது மத்தியப் பொதுப்பணித் துறை, வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழ். குடியிருக்கப் போகிறவர் சபாநாயகர், வீடு கட்டிக் கொடுப்பவர் அரசாங்கம். தெருமுனையின் கேள்விக்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை
நடுவில் ஒரு சொந்த அனுபவம். 1996-இல் டெல்லி போனபோது எங்கள் தொகுதி உறுப்பினரின் கடிதத்தில் பார்வையாளர் பாஸ் கிடைத்தது. பை, சீப்பு, சட்டைப்பை சில்லறை எல்லாம் வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடத்தில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டேன். சஃபாரி சூட் போட்ட ஒருவர் எங்கிருந்தோ வந்து முழங்காலில் ஒரு விரலால் தட்டினார். வாயே திறக்கவில்லை. காலை இறக்கினேன். அவரைப் போலீஸ்காரர் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சுருக்கெழுத்து
அவர்தான் வாட்ச் அண்ட் வார்டு! போலீஸ் இல்லை, செயலக ஊழியர். 543 முகமும் அவர்களுக்கு மனப்பாடம். 2009-இல் நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி என்று பெயர் மாற்றினார்கள். 2023 டிசம்பர் 13-இல் மாடத்திலிருந்து இரண்டு பேர் குதித்துப் புகை கக்கினார்களே, அதற்குப் பிறகு 2024 மே முதல் வாசல் காவல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் போய்விட்டது. அது உள்துறை அமைச்சகத்தின் படை. அடுத்த மாதமே நம் மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லா அவைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: உள்ளே போகும்போது, எதற்காக வந்தீர்கள் என்று தன்னை நிறுத்திக் கேட்டார்கள் என்று. உறுப்பினர் நாடாளுமன்றத்துக்கு எதற்கு வருவார்?

படைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்த வேலை ஆளைச் சோதிப்பது. 1929-இல் பட்டேல் அடம்பிடித்த விஷயம் இதுவேதான்.

தெருமுனை
குண்டு விழுந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும் இல்லையா? முகம் மனப்பாடமாக இருந்தவர்கள் இருந்தபோதுதானே புகைக்குப்பி உள்ளே போனது? ஆனால் அப்துல்லா விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். கேன்டீனையும் விட்டுவிடுகிறேன். சம்பளத்தை விடமாட்டேன்.

கணக்குப்பிள்ளை
சம்பளத்தை விட வேண்டாம். அவர்கள் சம்பளத்தை அவர்களே நிர்ணயிக்க 106-வது பிரிவு இடம் கொடுக்கிறது, ஓய்வூதியத்தை எதிர்த்துப் போன வழக்கை 2018-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. கேட்க வேண்டிய இடம் சபையே. தகவல் உரிமைச் சட்டத்தில் செயலகமும் பொது அதிகார அமைப்புதான். பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். என்ன கேட்கலாம் என்று தனிச்செய்தியில் வாருங்கள், மனு எழுதித் தருகிறேன்.

தெருமுனை
வருகிறேன் சார்.

வைகைக்கரை
எல்லோருக்கும் நன்றி. இழையில் இருந்த பிரிவு எண்களைக் குறித்துக்கொண்டு மகள் பயிற்சி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். இன்று பதில் வந்தது: “சர்ச்சைக்குரிய கேள்வி என்பதால் நீக்கப்படுகிறது.” கழித்த 0.66 திரும்பி வந்துவிட்டது. சரியான விடைக்கு வர வேண்டிய 2 மதிப்பெண் வரவில்லை. மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்த முறை 98-வது பிரிவை முழுசாகத் தட்டச்சு செய்து.